மருத்துவமனை உரிமம் நிறுத்திவைப்பு: மேல்முறையீடா, ரிட் மனுவா, குறையைச் சரிசெய்துவிட்டுக் கேட்பதா?

2017 டிசம்பர் 8 அன்று தில்லி அரசு ஷாலிமார் பாகில் உள்ள மேக்ஸ் மருத்துவமனையின் உரிமத்தை ரத்து செய்தது. குறைப்பிரசவத்தில் பிறந்த இரட்டையரில் ஒரு குழந்தை உயிரோடு இருக்கும்போதே இறந்துவிட்டதாகச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. மருத்துவமனை உயர் நீதிமன்றத்துக்கு ஓடவில்லை. சட்டப்படி மேல்முறையீட்டைக் கேட்க வேண்டிய நிதி ஆணையரிடம் போனது. டிசம்பர் 20 அன்று ரத்து உத்தரவுக்குத் தடை கிடைத்தது.

2023 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் சஞ்சய் காந்தி மருத்துவமனையின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. மயக்க மருந்து கொடுத்த பிறகு நினைவு திரும்பாமல் ஓர் இளம்பெண் இறந்துபோனதை அடுத்து வந்த நடவடிக்கை அது. இவர்கள் போனது அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வுக்கு. அக்டோபர் 4 அன்று தடை.

வழி வேறு. கிடைத்தது ஒன்றுதான், ஆன காலமும் ஏறத்தாழ ஒன்றுதான். இதைப் பார்த்துவிட்டு, எந்தக் கதவைத் தட்டினாலும் ஒன்றுதானே என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. இரண்டு இடத்திலும் கிடைத்தது இடைக்காலத் தடை மட்டுமே. தடைக்குப் பிறகு இந்த இரு வழிகளும் போய்ச் சேரும் இடம் வேறு வேறு. இது புரியாமல், வக்கீல் யாரைத் தெரியும் என்பதை வைத்தோ, நிர்வாக இயக்குநருக்கு எவ்வளவு கோபம் வந்தது என்பதை வைத்தோ வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம்.

என் கட்சி இதுதான்: கையில் உள்ள உத்தரவில் கோளாறு இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, உத்தரவு ஒழுங்காக இருந்து, அதில் சொன்ன விஷயம்தான் பொய் என்றால் மேல்முறையீடு, விஷயம் உண்மை என்றால் முதலில் குறையைச் சரிசெய்ய வேண்டும். நடைமுறையில் மூன்றும் கலந்தே வரும். கலவையில் எது தூக்கல் என்று கண்டுபிடிக்க, உத்தரவை ஒழுங்காகப் படிக்க வேண்டும்.

‘பார்வை’ என்ற பட்டியல்

தமிழ்நாட்டு அரசு அலுவலகத்திலிருந்து வரும் எந்தக் கடிதத்திலும் மேலே ‘பொருள்’, ‘பார்வை’ என்று இரண்டு தலைப்புகள் இருக்கும். உத்தரவு கைக்கு வந்ததும் எல்லோரும் கடைசிப் பத்திக்குத் தாவிவிடுகிறார்கள். ‘நிறுத்திவைக்கப்படுகிறது’ என்ற சொல் அங்கேதான் இருக்கிறது. ஆனால் வழக்கு இருப்பது ‘பார்வை’யில்.

அந்தப் பட்டியலில் வழக்கமாக நான்கு வரிகளாவது இருக்க வேண்டும். புகார் மனு, அதன் நாள். ஆய்வுக் குழுவின் அறிக்கை, அதன் நாள். விளக்கம் கேட்டு அனுப்பிய நோட்டீஸ், அதன் நாள். மருத்துவமனை கொடுத்த பதில், அதன் நாள். மூன்றாவது வரி இல்லையென்றால், உங்களைக் கேட்காமலே முடிவு எடுத்திருக்கிறார்கள். நான்காவது வரி இல்லை, ஆனால் நீங்கள் பதில் கொடுத்து அலுவலக முத்திரை போட்ட நகல் கையில் இருக்கிறது என்றால், அதிகாரி அதைப் படிக்காமலே கையெழுத்திட்டார் என்று வாதாடலாம். இரண்டாவது வரி இருக்கிறது, அறிக்கையின் நகல் மட்டும் உங்களுக்குத் தரப்படவில்லை என்றால் அதுவும் நல்ல வாதம்தான். எதற்குப் பதில் சொல்வது என்றே தெரியாமல் ஒருவர் எப்படிப் பதில் சொல்வார்?

அப்புறம் நாட்களைப் பாருங்கள். சம்பவம் ஜூனில், அறிக்கை ஜூலையில், ‘பொதுமக்கள் உயிருக்கு உடனடி ஆபத்து’ என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நிறுத்தியது செப்டம்பரில் என்றால், அந்த உடனடி இரண்டு மாதம் எங்கே போயிருந்தது என்று நீதிபதி கண்டிப்பாகக் கேட்பார்.

உத்தரவில் காரணம் எழுதியிருக்கிறதா என்பது அடுத்தது. ‘ஆய்வில் குறைகள் கண்டறியப்பட்டதால்’ என்று ஒரு வரியோடு முடிந்திருந்தால் அது காரணமே ஆகாது. இங்கே 1977-ல் உச்ச நீதிமன்றம் மொகிந்தர் சிங் கில் வழக்கில் சொன்னது கை கொடுக்கும்: ஓர் உத்தரவு அதிலேயே எழுதப்பட்ட காரணங்களால்தான் நிற்க வேண்டும்; வழக்கு வந்த பிறகு பதில் மனுவில் புதுக் காரணங்களைச் சேர்த்து முட்டுக்கொடுக்க முடியாது. அரசுத் தரப்பு அடிக்கடி செய்வது சரியாக இதைத்தான்.

கையெழுத்துப் போட்டவர் யார் என்பதையும் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-ல் வந்தது. அதற்கான விதிகள் வர 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 21 வருடம் விதியில்லாமல் ஒரு சட்டம் இருந்தது நம் ஊரில் மட்டுமே நடக்கும். மாவட்ட அளவில் பதிவு, ஆய்வு எல்லாவற்றையும் பார்ப்பது நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், பேச்சு வழக்கில் ஜே.டி. ஆபீஸ். பரபரப்பான சம்பவம் நடந்தால் கோட்டாட்சியர், வட்டாட்சியர், மாநகராட்சி நல அலுவலர் என்று ஆளாளுக்கு வந்து பூட்டிவிட்டுப் போவதும் நடக்கும். சட்டம் யாருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறதோ அவர் கையெழுத்து இல்லையென்றால் மற்ற எந்த வாதமும் தேவைப்படாது.

கடைசியாக, எந்த உரிமம்? ஒரு மருத்துவமனை என்பது பத்துப் பன்னிரண்டு அனுமதிகளின் மூட்டை. நிறுத்தப்பட்டது எது என்பதைப் பொறுத்துப் போகும் இடமே மாறும். ஸ்கேன் மையத்தின் பதிவு என்றால் 1994-ம் ஆண்டின் கருவின் பாலினம் கண்டறிதல் தடைச் சட்டம். உறுப்பு மாற்று அறுவை என்றால் அதற்கெனத் தனிச் சட்டம், அதுவும் 1994-தான். மருத்துவக் கழிவுக்காக மாசு கட்டுப்பாட்டு வாரியம் மூடச் சொன்னால் பசுமைத் தீர்ப்பாயம், அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. கட்டட விதிமீறலுக்காக வைத்த சீல் என்றால் நகரமைப்புச் சட்டம்.

2025-ல் நாமக்கல் மாவட்ட விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் விலைபோன விவகாரம் வெளிவந்தபோது, தமிழ்நாடு அரசு கை வைத்தது இரண்டு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று அறுவை உரிமத்தில். முழு மருத்துவமனையின் பதிவை நிறுத்துவதும் இதுவும் ஒன்றல்ல. ஒரு பிரிவை மட்டும் நிறுத்திய உத்தரவை எதிர்க்கும்போது ‘ஆயிரக்கணக்கான நோயாளிகள் தவிக்கிறார்கள்’ என்று மனுவில் எழுதினால் எடுபடாது.

மேல்முறையீடு: மெதுவான வழி, ஆனால் விஷயத்தைப் பேச இடமுண்டு

உரிமம் பற்றிய சட்டங்களில் பெரும்பாலும் ஒரு மேல்முறையீட்டுப் பிரிவு இருக்கும். காலக்கெடு சட்டத்துக்குச் சட்டம் மாறும். ஸ்கேன் மையங்களுக்கான சட்டத்தில் உத்தரவு நகல் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்கள். மேல்முறையீட்டை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. உறுப்பு மாற்றுச் சட்டத்திலும் 30 நாட்கள்தான்.

2010-ம் ஆண்டின் மத்திய மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு வசதி உண்டு. அங்கே பதிவை ரத்து செய்யும் முன் காரணம் கேட்டு மூன்று மாத அவகாசத்துடன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ரத்து உத்தரவும் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை நடைமுறைக்கு வராது. மேல்முறையீடு செய்துவிட்டால் அது தள்ளுபடி ஆகும்வரை வராது. நோயாளிகளுக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் காரணத்தை எழுதிவைத்து அப்போதே நிறுத்தலாம். அதாவது அந்தச் சட்டத்தின் கீழ் மேல்முறையீட்டைத் தாக்கல் செய்வதே ஒரு தடைதான். இந்தச் சட்டத்தை உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், பீகார் போன்ற மாநிலங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், மேற்கு வங்கம் எல்லாம் தங்கள் சொந்தச் சட்டத்தில் இருக்கின்றன. தில்லியில் இருப்பது 1953-ம் ஆண்டுச் சட்டம். ஆகவே வேறு மாநிலத்துத் தீர்ப்பைப் பார்த்துவிட்டு ‘நமக்கும் இப்படித்தானே’ என்று வக்கீலிடம் கேட்பதற்கு முன், அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு என்று பார்ப்பது நல்லது.

மேல்முறையீட்டின் பெரிய பலம், அங்கே உண்மைகளைப் பேசலாம் என்பது. மயக்க மருந்துப் பதிவேடு, அறுவை அரங்கின் குறிப்பு, அன்றைய இரவுப் பணியில் இருந்த செவிலியரின் பதிவு, வெளி நிபுணரின் கருத்து என்று எல்லாவற்றையும் வைத்து ‘ஆய்வுக் குழு சொன்னது தவறு’ என்று வாதாடலாம். ஜெயித்தால் அது நிஜமான ஜெயம். குற்றச்சாட்டே விழுந்துவிடும்.

பலவீனமும் பெரியதுதான். பல சட்டங்களில் மேல்முறையீடு போவது அதே துறையின் மேலதிகாரிக்கோ அரசுக்கோ. சுகாதார அமைச்சர் தொலைக்காட்சி முன் நின்று ‘உரிமத்தை நிறுத்த உத்தரவிட்டிருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டார்; அவருடைய துறைச் செயலாளர் மேல்முறையீட்டில் என்ன எழுதுவார் என்று எதிர்பார்க்கிறீர்கள்? மேக்ஸ் விவகாரத்தில் மேல்முறையீட்டைக் கேட்டவர் சுகாதாரத் துறைக்கு வெளியே இருந்த அதிகாரி என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த அமைப்பு எல்லா மாநிலத்திலும் இல்லை.

இன்னொன்று, மேல்முறையீட்டோடு தடை கேட்டு ஒரு மனுவும் வைக்க வேண்டும். அதை வைத்தாலும் கோப்பு மேசையிலேயே தூங்கலாம். மருத்துவமனை பூட்டிக்கிடக்கும் ஒவ்வொரு வாரமும் செவிலியர்கள் வேறு வேலை தேடிப் போவார்கள், வருகை மருத்துவர்கள் அடுத்த தெருவுக்கு மாறுவார்கள், காப்பீட்டு நிறுவனங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். ஆறு மாதம் கழித்து வரும் நல்ல தீர்ப்பால் திறப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

ரிட் மனு

அரசியலமைப்பின் 226-ம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. சென்னை, அல்லது தென்மாவட்டங்கள் என்றால் மதுரை அமர்வு. முதல் நாளிலேயே வரும் கேள்வியும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சட்டத்தில் மேல்முறையீடு இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள்?

இதற்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் வராமல் இருப்பதே மேல். பதில் என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 1998-ல் வேர்ல்பூல் வழக்கில் வரிசைப்படுத்தியிருக்கிறது. 2021-ல் ராதா கிருஷன் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் மறுபடி சொன்னது. அடிப்படை உரிமை மீறப்பட்டிருக்க வேண்டும், அல்லது இயற்கை நீதி (பாதிக்கப்படுபவரைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது போன்ற அடிப்படை நியாயம்) மீறப்பட்டிருக்க வேண்டும், அல்லது உத்தரவிட்டவருக்கு அதிகாரமே இருக்கக் கூடாது, அல்லது சட்டமே செல்லுமா என்ற கேள்வி இருக்க வேண்டும். இதில் ஒன்றாவது பொருந்தினால், மேல்முறையீடு இருந்தாலும் ரிட் மனுவைக் கேட்கலாம். ‘கேட்கலாம்’ என்பதைக் கவனியுங்கள். கேட்டே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மருத்துவமனை வழக்குகளில் பெரும்பாலும் பொருந்துவது இரண்டாவது. ஆனால் ‘எங்களுக்கு நோட்டீஸ் தரவில்லை’ என்று சொன்ன மாத்திரத்தில் உத்தரவு விழுந்துவிடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. அது பாதிதான் உண்மை. 1981-ல் சுதேசி காட்டன் மில்ஸ் வழக்கு, பாதிக்கப்படுபவரை முன்கூட்டியே கேட்பதுதான் பொது விதி என்றது. 1984-ல் லிபர்ட்டி ஆயில் மில்ஸ் வழக்கு, அவசரத்தில் இடைக்கால உத்தரவு போட்டுவிட்டுப் பிறகு கேட்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. ஸ்கேன் மையச் சட்டத்திலும் உறுப்பு மாற்றுச் சட்டத்திலும், பொதுநலன் கருதி, காரணத்தை எழுதிவைத்து நோட்டீஸ் இல்லாமலே நிறுத்திவைக்க வெளிப்படையாக இடம் இருக்கிறது. அரசு வழக்கறிஞர் எடுத்தவுடன் இதைத்தான் படிப்பார். அதனால்தான் மேலே நாட்களைப் பாருங்கள் என்றேன். அவசரம் என்பதை உடைத்தால்தான் நோட்டீஸ் வாதம் நிற்கும். ‘மறு உத்தரவு வரும்வரை’ என்று முடிவு நாளே இல்லாமல் நிறுத்தியிருந்தால் இன்னும் நல்லது. இடைக்கால ஏற்பாடு என்ற பெயரில் போட்ட ரத்து உத்தரவு அது என்று சொல்ல வழி பிறக்கும்.

அளவு பற்றிய வாதமும் இங்கே நன்றாக எடுபடும். ஓர் அறுவை அரங்கில் நடந்த தவறுக்காக நூறு படுக்கை மருத்துவமனையை முழுவதும் மூட வேண்டுமா? இதை வாயால் சொல்வதைவிட ஒரு பட்டியலாக இணைப்பதே மேல். உதாரணத்துக்கு டயாலிசிஸ் பிரிவு: திங்கள், புதன், வெள்ளி எத்தனை பேர், செவ்வாய், வியாழன், சனி எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு அருகில் வேறு மையத்தில் இடமில்லை. பெயர் வேண்டாம், எண்ணிக்கையும் கிழமையும் போதும். வாரத்துக்கு மூன்று முறை இயந்திரத்தில் படுத்தே ஆக வேண்டிய ஒருவரை ‘விசாரணை முடியட்டும்’ என்று திருப்பி அனுப்ப முடியாது என்பது அந்த ஒற்றைப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ‘எங்களுக்கு இத்தனை கோடி முதலீடு, வங்கிக் கடன் இவ்வளவு’ என்று நான்கு பக்கம் எழுதும் மனுக்களையும் பார்க்கலாம். நீதிபதி அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டுவார்.

கேட்பதையும் அளவாகக் கேட்பது புத்திசாலித்தனம். முழு உத்தரவுக்கும் தடை என்று ஒன்று, அது முடியாவிட்டால் ‘சம்பந்தப்பட்ட அறுவை அரங்கு மூடியே இருக்கட்டும், உள்நோயாளிகளும் புறநோயாளிப் பிரிவும் டயாலிசிஸும் மட்டும் தொடரட்டும்’ என்று மாற்றாக ஒன்று. நீதிமன்றத்துக்கு இரண்டாவதைக் கொடுப்பது எளிது. ஒரு மரணம் நடந்திருக்கும் வழக்கில் முழுத் தடை கொடுக்க யாருக்கும் தயக்கம் இருக்கும், அது நியாயமும்கூட.

சில வழக்குகளில் தடையை எதிர்பார்ப்பதே வீண். கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 அதிகாலை பிடித்த தீயில் சுமார் 90 பேர் இறந்தார்கள்; வாகனம் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியக்கூடிய பொருட்களைக் குவித்திருந்தார்கள். அப்படி ஒரு நிலைமையில் நோட்டீஸ் ஏன் தரவில்லை என்று கேட்டுக்கொண்டு போவது மேலும் கெட்ட பெயரைத்தான் வாங்கித் தரும்.

நடைமுறையில் என்ன நடக்கும்? மனுவை அவசரமாகப் பட்டியலிடக் கேட்பார்கள். முதல் அழைப்பில் அரசு வழக்கறிஞர் நோட்டீஸைப் பெற்றுக்கொண்டு, ‘துறையிடம் விவரம் கேட்டுச் சொல்கிறேன்’ என்பார். சில நாட்கள் அவகாசம் போகும். அந்த இடைவெளியில்தான் பல நேரம் துறையே இறங்கிவந்து மறு ஆய்வுக்குத் தேதி கொடுக்கும். வழக்கு போட்டதன் உண்மையான பலன் சில சமயம் அதுதான். எதிர்த்தரப்பைக் கேட்காமலே தடை கிடைத்துவிட்டால் ரொம்பவும் மகிழ வேண்டாம். 226-ம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவுப்படி, அதை நீக்கக் கோரி அவர்கள் மனு போட்டால் இரண்டு வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தடை தானாகவே விலகிவிடும். தனி நீதிபதி கொடுத்ததை எதிர்த்து அரசு இரு நீதிபதிகள் அமர்வுக்கும் போகலாம்.

இனி, ரிட் மனுவைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம். நோட்டீஸ் தரவில்லை என்ற காரணத்தால் நீங்கள் ஜெயித்தால், தீர்ப்பு பெரும்பாலும் இப்படி முடியும்: உத்தரவு ரத்து, அதிகாரி புதிதாக நோட்டீஸ் கொடுத்து, விளக்கத்தைக் கேட்டு, இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி முடிவெடுக்கலாம். அதாவது, அதே மேசைக்குத் திரும்பிப் போகிறீர்கள். இந்த முறை அவர் ‘பார்வை’யில் நான்கு வரியையும் ஒழுங்காக எழுதுவார், காரணத்தையும் பத்தி பத்தியாக எழுதுவார். மருத்துவத் தவறு நடந்ததா இல்லையா என்பதை உயர் நீதிமன்றம் தொடவே தொடாது. ‘முடிவெடுத்த முறையைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை, முடிவு சரியா என்பதல்ல’ என்பது 1994-ன் டாடா செல்லுலார் வழக்கிலிருந்து நீதிமன்றங்களின் மாறாத பல்லவி. ரிட் மனு வாங்கித் தருவது நேரம். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் கோளாறைச் சரிசெய்யாதவர்களுக்கு இரண்டாவது உத்தரவு முதலாவதைவிடக் கடினமாக இருக்கும்.

சரிசெய்துவிட்டுக் கேட்பது

வக்கீல்களுக்கு இந்த வழி பிடிக்காது. மருத்துவமனை உரிமையாளர்களுக்கோ இது தோல்வி மாதிரித் தெரியும். ஆனால் தீயணைப்புத் தடையின்மைச் சான்று காலாவதி, தகுதியான மயக்க மருந்து நிபுணரின் பெயர் பதிவேட்டில் இல்லை, தீவிரப் பிரிவில் போதிய செவிலியர் இல்லை, கழிவுகளைப் பிரிக்கவில்லை என்பது போன்ற ஆவணத்தால் நிரூபிக்கக்கூடிய குறைகளுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. குறைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன செய்தோம், எந்தத் தேதியில் செய்தோம், ஆதாரம் எது என்று ஒரு அட்டவணை போட்டு, மறு ஆய்வு கேட்டு ஜே.டி. ஆபீஸில் கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும். அதிகாரிக்கும் உத்தரவை மாற்ற ஒரு காகிதம் தேவை. தான் முதலில் செய்தது தப்பு என்று அவரை எழுதவைக்காமல், நிலைமை மாறிவிட்டது என்று எழுதவைக்கும் காகிதம் அது.

இதில் இரண்டு ஆபத்து. ஒன்று, கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே மேல்முறையீட்டுக் காலக்கெடு ஓடிவிடும். ‘பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது’ என்பதைத் தாமதத்துக்கான காரணமாக ஏற்றுக்கொள்வார்கள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இன்னொன்று, அந்தக் கடிதத்தின் வாசகம். நோயாளி இறந்திருந்தால் காவல் துறை வழக்கு, நுகர்வோர் ஆணையம், மருத்துவக் கவுன்சில் என்று மூன்று இடங்களில் தனித்தனியாக விஷயம் ஓடும். ‘எங்கள் கவனக்குறைவுக்கு வருந்துகிறோம்’ என்று நல்லெண்ணத்தில் எழுதியது மூன்று கோப்பிலும் இணைப்பாகப் போய் உட்காரும். ‘எங்கள் சட்டப்படியான உரிமைகளுக்குப் பங்கமின்றி’ என்று தொடங்கி, குறையைச் சரிசெய்ததை மட்டும் சொல்லிவிட்டு, சம்பவத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் முடிப்பதே முறை.

மற்றவை

உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதை நினைக்கவே வேண்டாம். அரசுக்கு எதிராக என்றால் வழக்கமாக இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை. அவசரத்துக்கு விலக்குக் கேட்கலாம்தான், ஆனாலும் நேரம் போகும், மேல்முறையீடு இருக்கும் விஷயத்தில் வழக்கே நிற்குமா என்பதும் சந்தேகம். நேராக உச்ச நீதிமன்றம் போவதும் அப்படித்தான். உயர் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நோட்டீஸ் வந்த உடனேயே அதை எதிர்த்து ரிட் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. நோட்டீஸ் என்பது வெறும் கேள்வி, இன்னும் யாரும் பாதிக்கப்படவில்லை என்று 2006-ல் குனிசெட்டி சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விதிவிலக்கு ஒன்று உண்டு. நோட்டீஸிலேயே ‘நீங்கள் தவறு செய்தது உறுதியாகிவிட்டது’ என்று தீர்ப்பு எழுதியிருந்தால், 2010-ன் ஓரிக்ஸ் ஃபிஷரீஸ் வழக்கைக் காட்டலாம். மற்ற நேரங்களில் நோட்டீஸுக்கு நல்ல பதில் எழுதுவதுதான் பிற்பாடு எந்த வழியில் போனாலும் உதவும். அந்தப் பதிலில் சொல்லாத வாதத்தைப் பிறகு கிளப்பினால், ‘அப்போது ஏன் சொல்லவில்லை’ என்று வரும்.

நான் எதை எடுப்பேன்

நோட்டீஸ் இல்லை, காரணம் இல்லை, அல்லது அதிகாரமில்லாதவர் கையெழுத்து: உயர் நீதிமன்றம், தாமதிக்காமல். மூன்று வாரம் கழித்துப் போய் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நோட்டீஸ் வந்தது, பதில் கொடுத்தோம், நேரில் கேட்டார்கள், காரணமும் எழுதியிருக்கிறார்கள், ஆனால் நிபுணர் குழுவின் முடிவு தவறு: மேல்முறையீடு. கூடவே தடை மனு. பத்து நாளாகியும் தடை மனுவைத் தொடவில்லை என்றால் அப்போது உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் உத்தரவை எதிர்த்து அல்ல. ‘மேல்முறையீட்டு அதிகாரி தடை மனுவை இத்தனை நாட்களுக்குள் முடிவு செய்ய உத்தரவிடுங்கள்’ என்று மட்டும் கேட்டு. இந்தச் சின்ன மனுவை அரசுத் தரப்பே பெரிதாக எதிர்க்காது. இரண்டு வழியின் நல்லதும் இதில் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் நம் ஊரில் இதை இன்னும் அதிகம் பேர் பயன்படுத்த வேண்டும்.

ஆனால் ஒன்று: மேல்முறையீடு நிலுவையில் இருப்பதைப் பிரமாணப் பத்திரத்தில் மறைத்துவிட்டு ரிட் மனு போடக் கூடாது. அரசு வழக்கறிஞர் எழுந்து அதைச் சொல்லும் நிமிடத்தில் மனு முடிந்துவிடும், சில நேரம் செலவுத்தொகையும் விழும்.

குறை உண்மை, ஆவணமும் அவர்கள் பக்கம்: சரிசெய்துவிட்டு மறு ஆய்வு, காலக்கெடு தவறாமல் பெயருக்கு ஒரு மேல்முறையீடு. மறு ஆய்வில் உத்தரவு விலகினால் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

எந்த வழியில் தடை வாங்கினாலும், வாங்கிய அன்று மாலையே கதவைத் திறந்து ஆம்புலன்ஸை உள்ளே விடுவது ஆபத்து. நீதிமன்றத்தில் வாயால் சொன்னது ஜே.டி. ஆபீஸுக்குத் தெரியாது, உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் தெரியாது. உத்தரவின் நகலைக் கடிதத்தோடு இணைத்துக் கொடுத்து, ஒப்புகை வாங்கி, சீல் வைத்திருந்தால் அதை வைத்தவர்களே வந்து அகற்றும்வரை பொறுத்திருந்து, அகற்றியதைக் குறிப்பெழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகுதான் சேர்க்கைப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். நிபந்தனைத் தடை என்றால் எந்தப் பிரிவு திறக்கலாம், எது கூடாது என்பதை வரவேற்பிலும் அவசரப் பிரிவிலும் எழுதி ஒட்டுங்கள். இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அந்த உத்தரவைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மூடிய அரங்கில் ஒரு அவசர சிசேரியனுக்கு ஏற்பாடு செய்துவிட்டால், அடுத்த தேதியில் அரசு வழக்கறிஞர் வேறு எதையும் வாதாட வேண்டியிருக்காது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கணினியில் மருத்துவமனையின் பெயர் முடக்கப்பட்டிருந்தால் அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும். தடை உத்தரவைப் பார்த்துவிட்டு அது தானாகத் திறந்துகொள்ளாது.